மாத்துட்டாரு

"உங்க மேல முழு நம்பிக்கை இருக்குங்க, வண்டிய உட்டுட்டுப் போறேன்" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், செம்மண்டலத்து லூர்துசாமி அந்த ஆளை அந்த நிமிஷத்திலிருந்தே சந்தேகப்பட ஆரம்பித்துவிடுவார். நம்புகிறவன் சும்மா நம்புவானா? கியர்பாக்ஸைப் பிரிக்கும்போது வண்டிக்காரன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார வேண்டும். கழற்றுகிற ஒவ்வொரு பல்சக்கரத்தையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். அதுதான் கடலூர் பட்டறைகளின் வழக்கம். பார்க்காமல் போகிறவன் நாளைக்கு வந்து வேறு கதை பேசுவான் என்பது அவர் கட்சி.

சும்மா சொல்லக்கூடாது, மனுஷன் பட்டவர். எண்பத்தாறில் விழுப்புரத்தில் ஒரு லாரிப் பட்டறையில் வேலை பார்த்தார். ஒரு நாள் ஒரு வண்டிக்காரர் வந்து, "நல்ல பல்ல உருவிட்டு ஓட்ட பல்ல மாத்திட்டான் இந்த லூர்து" என்று தெருவே கூடும்படி கத்தினார். அரை நாள் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். சாயந்திரம் விசாரித்தால், அந்த ஆளின் சொந்த டிரைவரே வழியில் பல்லைக் கழற்றி விற்றுத் தின்றிருக்கிறான். மன்னிப்புக் கேட்க ஒரு நாதியும் வரவில்லை. கொலைகாரன் என்று சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் என்பார். மெக்கானிக்கைப் பார்த்து 'மாத்திட்டான்' என்பது அப்படிப்பட்ட சொல். அது ஒட்டினால் ஆயுசுக்கும் போகாது.

அன்றிலிருந்து அவர் மூடுகிற ஒவ்வொரு பாக்ஸுக்கும் மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு உண்டு. நட்டின் தலையில் ஆரம்பித்துப் பாக்ஸின் உடம்பு வரைக்கும் ஒரே இழுப்பு. யாராவது கள்ளத்தனமாகத் திருகினால் கோடு இரண்டாக விலகிக் காட்டிக் கொடுத்துவிடும்.

கோட்டைவிடப் பெரிய சொத்து அவருடைய காது. ஓடுகிற பாக்ஸின் மேல் நீளமான ஸ்குரூடிரைவரின் முனையை வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடுவார். எந்தப் பேரிங் தேய்ந்திருக்கிறது, எந்தப் பல் மூளியாகிவிட்டது என்று பிரிக்காமலே சொல்லுவார். சிப்காட்டுக்குப் போகிற டேங்கர்களும் சிதம்பரத்து டாக்ஸிகளும் அவர் பட்டறை வாசலில் நின்றது அந்தக் காதுக்காகத்தான். "லூர்து காதுல வச்சாச்சா? அப்ப எடுத்துட்டுப் போ" என்பது டிரைவர்களுக்குள் ஒரு பேச்சு. அவர் 'சத்தம் இல்ல' என்றால் இல்லை. வீடு கட்டியதும், மகள் வெண்மதியை நர்ஸ் படிக்கவைத்ததும் அந்த இரண்டு வார்த்தையால்தான்.

ஆனால் 'தானே' புயலுக்கு மூன்று வருஷம் முன்னாலிருந்தே ஊரில் என்னவோ சரியில்லாமல் போய்க்கொண்டிருந்தது. அப்படித்தான் லூர்துசாமிக்குப் பட்டது. மாதா கோயிலுக்குப் புதுசாக வந்த சாமியார் பிரசங்கத்தை வாய்க்குள்ளேயே மென்று விழுங்கினார். டி.வி.யில் செய்தி வாசிக்கிறவர்கள் தெம்பில்லாமல் வாசித்தார்கள். செல்போன் கம்பெனிக்காரன் டவரைக் குறைத்துவிட்டான். மனைவி முத்தம்மாள் ஒன்று குசுகுசுவென்று பேசினாள், இல்லாவிட்டால் திடீரென்று காட்டுக் கத்தல் கத்தினாள்.

"என்ன செவுடன்னு நெனச்சியா?" என்று எரிந்து விழுவார்.

"ஒரு தடவ டாக்டர்கிட்ட காதக் காட்டிட்டு வந்துடலாங்க."

"எதுக்கு? என் காதுல குத்தமிருக்குன்னு நீயே ஊரு பூரா தமுக்கடிக்கவா?"

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். முத்தம்மாள் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். போகிற போக்கில் என்னவோ முணுமுணுத்தாள் என்று அதற்கும் ஒரு சண்டை நடக்கும்.

அவருடைய பெரிய சந்தேகம் மனைவி மேலல்ல, அவளுடைய தம்பி மேல். ராபர்ட் பன்னிரண்டு வருஷமாக அவரோடு பட்டறையில் கூட்டு. கை சுத்தம், பேச்சு கம்மி. பேச்சு கம்மியாக இருப்பதே ஒரு சந்தேகம்தான் இல்லையா? இரண்டு வருஷமாக இன்னும் சில சங்கதிகள் சேர்ந்திருந்தன. ஒரு டாக்ஸி பாக்ஸில் அவர் போட்ட மஞ்சள் கோடு மறுநாள் கொஞ்சம் எலுமிச்சை நிறமாக இருந்தது. அவருடைய மஞ்சள் மாம்பழ மஞ்சள். இன்னொரு நாள் கழிவு டிரம்முக்குப் பின்னால் புது பேரிங் அட்டைப்பெட்டிகள் நாலு கிடந்தன. அந்த வாரம் அவர் ஒரு பேரிங்கும் வாங்கவில்லை. ராபர்ட் போனில் பேசிக்கொண்டிருப்பான். இவர் தலையைப் பார்த்ததும் நிறுத்திவிடுவான்.

'பய தனியா வேல புடிக்கிறான். என் பாக்ஸத் தொறந்து நல்லதை உருவி, அவன் புடிச்ச வேலைக்குப் போடுறான்' என்று லூர்துசாமி முடிவே கட்டிவிட்டார். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டியதுதான் பாக்கி. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று அவரிடம் யார் போய்ச் சொல்வது? சொன்னால் சொன்னவனும் பேய்க்குச் சொந்தக்காரன் ஆகிவிடுவான்.

இந்த நிலைமையில்தான் புயலுக்கு முந்தின வருஷம் கார்த்திகையில் அந்தப் பச்சைக் கார் வந்து நின்றது. எம்.ஜி. என்ற இங்கிலீஷ் கார், அறுபத்தஞ்சாம் வருஷ மாடல். இரண்டே பேர் உட்காரலாம், கூரை துணி, மடக்கிப் பின்னால் போட்டுக்கொள்ளலாம். வண்டிக்காரர் ஞானசேகரன் கப்பலில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி பேராசிரியை என்பதால் அண்ணாமலை நகர் குவார்ட்டர்ஸில் குடியிருந்தார். ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் ஷெட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்த காரை வாங்கி, மூன்று வருஷம் பாடுபட்டு ஓடவைத்திருந்தார்.

"லூர்துசாமி, பொங்கல் முடிஞ்சதும் நானும் வீட்டுக்காரம்மாவும் இதுலயே கன்னியாகுமரி வரைக்கும் போகப் போறோம்" என்றார். குரல் கணீரென்று இருந்தது, கப்பல் இன்ஜின் ரூமில் பேசிப் பழகின குரல். "பாக்ஸுதான் யோசனையா இருக்கு. நாலு கியர். எண்பதத் தாண்டுனா இன்ஜின் கத்துது. முதல் கியருக்கு வண்டி நின்னாத்தான் வருவேங்குது. ரெண்டு வழி இருக்கு. இருக்குற பாக்ஸையே பிரிச்சு தேஞ்சதப் புதுசு பண்ணலாம். இல்லாட்டி சென்னையில பழைய கான்டசா கார் பாக்ஸ் கெடைக்குது, ஜப்பான் சரக்கு, அஞ்சு கியர். அதப் பொருத்திடலாம். பாக்ஸு ஆரோக்கியமா இருந்தா நாலே போதும், தொடவே வேணாம். நீங்க கேட்டுச் சொல்லுங்க. நீங்க சொல்றதுதான்."

நீங்க சொல்றதுதான்! லூர்துசாமியின் புருவம் ஏறிவிட்டது.

"ஊளை ஒண்ணு விடுது" என்று ஞானசேகரன் தொடர்ந்தார். "ஒண்ணு, ரெண்டு, மூணு, இந்த மூணு கியர்லயும் வருது. நாலாவதுல போட்டா அடங்கிடுது."

கியர்பாக்ஸ் தெரிந்த எவனுக்கும் இது அரிச்சுவடி. நாலாவது கியரில் சக்தி நேராகப் போய்விடும். மற்ற மூன்றிலும் கீழே கிடக்கிற லே ஷாஃப்ட் என்ற தண்டு வழியாகத்தான் போகும். நாலில் அடங்குகிற சத்தம் என்றால் அந்தத் தண்டோ அதன் ஊசி பேரிங்கோ தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். லூர்துசாமிக்கு இது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். அதனாலேயே அவருக்குச் சந்தேகம் வந்தது. இவ்வளவு பதமாக ஒரு வண்டிக்காரர் சொல்வாரா? யாரோ எழுதிக் கொடுத்து ஒப்பிக்கிறார் என்று நினைத்தார்.

இரண்டு பேரும் சிதம்பரம் ரோட்டில் ஒரு சுற்றுப் போனார்கள். மூன்றாவது கியரில் வைத்து ஞானசேகரன், "இப்ப கேக்குதா?" என்றார்.

"எது சார்?"

"இந்த ஊளை!"

"அது காத்து சார். மேல கூரையில்லல்ல."

பட்டறைக்குத் திரும்பிப் பின் சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி, வண்டிக்கு அடியில் படுத்து, ஸ்குரூடிரைவரைக் காதில் வைத்து, ஒவ்வொரு கியராகப் போட்டுக் கேட்டார். உள்ளே மாவு அரைக்கிற மாதிரி ஒரு மெத்தென்ற உறுமல். அவ்வளவுதான். ஊளையாவது ஒண்ணாவது. வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு, "பாக்ஸு கல்லு மாதிரி இருக்கு. சத்தம் இல்ல. நாலு கியரே போதும் சார்" என்றார். நின்றுகொண்டிருந்த ராபர்ட்டின் முகம் போன போக்கை அவர் கவனித்தார். திருடனுக்குத் தேள் கொட்டினது போல இருந்தது.

ஓஹோ, சங்கதி இதுதானா என்று அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இங்கிலீஷ் பாக்ஸுக்குச் சென்னையில் கிராக்கி ஜாஸ்தி. பழைய கார் சேர்க்கிறவர்கள் கேட்ட விலைக்குக் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார்கள். ராபர்ட் சாரைப் பிடித்து, சத்தம் வருகிறது என்று அவர் காதில் ஓதி, ஜப்பான் பாக்ஸை மாட்டிவிட்டு இதை அமுக்கப் பார்க்கிறான். எத்தனை நாளாடா திட்டம் போட்டீங்க?

நாலு நாள் கழித்துப் பட்டறைக்குப் பின்னால் கை கழுவப் போனபோது, ராபர்ட் வேப்பமரத்தடியில் முதுகைக் காட்டிக்கொண்டு போன் பேசிக்கொண்டிருந்தான். லூர்துசாமி பைப்படியிலேயே நின்றுவிட்டார். முழுதாகக் கேட்கவில்லை. பயல் வேண்டுமென்றே அமுக்கிப் பேசுகிறான். கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பியபோது உதடு தெரிந்தது, வார்த்தையும் விழுந்தது.

"மாமா மாத்துட்டாரு சார்... ஆமா சார், மாத்துட்டாரு... ஞாயித்துக்கெழம... பூசை நேரத்துல..."

இருபத்தஞ்சு வருஷம் கழித்து அதே சொல். அதுவும் யார் வாயிலிருந்து? சொந்த மச்சான் வாயிலிருந்து. உருவுகிற பயல் இவன், மாத்துட்டார் என்ற பழி எனக்கா? அந்த நிமிஷமே போய்ச் சட்டையைப் பிடித்திருப்பார். ஆனால் பிடித்தால், இல்லை என்று சாதிப்பான். ஞாயித்துக்கிழமை வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டார். மூன்று நாள் சோறு இறங்கவில்லை. முத்தம்மாள் கேட்டதற்கு வாய்ப்புண் என்றார்.

சனிக்கிழமை சாயந்திரம் பச்சைக் கார் பட்டறைக்குள் நின்றது. "ஆயில் மாத்தச் சொன்னாரு மாமா" என்றான் ராபர்ட். மறுநாள் விடியற்காலை, அவனுக்குக் காய்ச்சல், பூசைக்கு வரமாட்டான் என்று முத்தம்மாள் கத்திச் சொன்னாள். சொல்லும்போது அவள் கண் இவர் கண்ணைப் பார்க்கவில்லை. ஆக, அக்காளும் உடந்தை!

கோயிலில் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தார். சாமியார் வழக்கம்போல உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். சுற்றியுள்ளவர்கள் எல்லாரும் ஒரு இடத்தில் சிரித்தார்கள். இவருக்கு ஏனென்று தெரியவில்லை. தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்களோ என்றுகூடத் தோன்றிவிட்டது. பிரசங்கம் முடிவதற்குள் எழுந்து வெளியே வந்து, பைக்கை எடுத்துக்கொண்டு நேராகப் பட்டறைக்கு விட்டார்.

ஷெட் கதவு சும்மா சாத்தியிருந்தது. காலால் தள்ளினார். பச்சைக் காரின் இன்ஜினையும் பாக்ஸையும் வெளியே தூக்கி வைத்திருந்தார்கள், விடியும் முன்பே ஆரம்பித்திருக்க வேண்டும். பாக்ஸ் பிரித்துக் கிடந்தது. கை முழுக்க ஆயிலோடு ராபர்ட். ஸ்டூலில் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஞானசேகரன்.

"மாட்டுனியாடா!" என்றார் லூர்துசாமி. "யார்ரா மாத்துனது? நானா? பூசை நேரத்துல பாக்ஸப் பிரிச்சு வச்சிட்டு, மாமா மாத்துட்டாருன்னு சாருகிட்ட போன்ல சொல்றியே, உன் நாக்கு அழுகிடாது?"

ராபர்ட் எழுந்து நின்றான். "ஐயோ மாமா, நான் அப்பிடிச் சொல்லவே இல்ல. மாமா மாத்துட்டாருன்னுதான் சொன்னேன்."

"பாருங்க சார், பாருங்க! என் மூஞ்சிக்கு நேராவே மறுபடியும் சொல்றான்!"

ஞானசேகரன் இடையில் புகுந்து, தன் கப்பல் குரலில் நிறுத்தி நிதானமாக, "லூர்துசாமி, அவர் சொன்னது, மாமா மாத்துட்டாரு" என்றார்.

லூர்துசாமி ஒருவர் முகத்தை மாற்றி ஒருவர் முகத்தைப் பார்த்தார். அவர்கள் உதட்டையும் பார்த்தார். இரண்டு பேர் உதடும் ஒரே மாதிரி மூடித் திறந்தது. என்ன தைரியம் இருந்தால் என்னை நிற்கவைத்து இரண்டு பேரும் சேர்ந்து சொல்வார்கள்? கையில் பெரிய ஸ்பேனர் எப்போது வந்தது என்று அவருக்கே தெரியாது.

ராபர்ட் பின்வாங்கவில்லை. மேஜை மேல் கிடந்த சாக்கட்டியை எடுத்தான். கறுப்புப் பெயின்ட் அடித்த தகரக் கதவில், ஒரு முழ உயரத்துக்கு ஒரே ஒரு எழுத்து எழுதினான்.

பா.

"மா இல்ல மாமா" என்று சொல்லி, எழுத்தின் மேலேயே கையை வைத்துக் காட்டினான். பிறகு அதோடு சேர்த்து மீதியையும் எழுதினான். பாத்துட்டாரு.

மாமா பாத்துட்டாரு சார். மாமா பாத்துச் சரின்னு சொல்லிட்டாரு, எதுக்கும் ஞாயித்துக்கிழமை வாங்க, நானும் ஒருவாட்டி பாக்குறேன். அவன் போனில் சொன்னது அவ்வளவுதான்.

லூர்துசாமி அந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். 'மா' சொன்னாலும் உதடு மூடும், 'பா' சொன்னாலும் உதடு மூடும். மிச்சத்தைக் காதுதான் பிரித்துக் கொடுக்க வேண்டும். அவருடைய காது கொடுக்கவில்லை. பக்கத்தில் நின்று இரண்டு பேர், அதுவும் ஒருவர் உரக்கச் சொல்லியும் கொடுக்கவில்லை. ஸ்பேனரைக் கீழே வைத்தார். அது சிமென்ட் தரையில் பட்டபோது ஞானசேகரன் லேசாகக் கண்ணைச் சுருக்கினார். இவருக்கு அந்தச் சத்தம்கூட எங்கோ அடுத்த வீட்டில் விழுந்த மாதிரிதான் வந்தது.

முத்தம்மாள் ஆட்டோ பிடித்து வந்து, முக்காட்டைக்கூட எடுக்காமல் வாசலில் நின்றாள். பிரித்துக் கிடந்த பாக்ஸையும் கதவில் எழுதியிருந்ததையும் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"எத்தினி நாளா?" என்று லூர்துசாமி கேட்டார். யாரைக் கேட்டார் என்று இல்லை.

"ரெண்டு வருசமா" என்று அவள் முன்னால் வந்து நின்று சொன்னாள்.

"அந்த பேரிங் பெட்டி? மஞ்சக் கோடு?"

ராபர்ட் தலையைக் குனிந்துகொண்டான். அக்காள்தான் சொன்னாள். இவர் சத்தம் இல்லை என்று மூடிய பாக்ஸில் சத்தம் கேட்டால், அவன் வண்டி போகுமுன் திறந்து, தன் கைக்காசில் பேரிங் வாங்கிப் போட்டு, மறுபடி மூடி, அதேபோல மஞ்சள் கோடும் இழுத்துவிடுவான். இவர் தன் பெயின்ட் டப்பாவைப் பூட்டி வைத்துவிடுவார், அந்த மாம்பழ மஞ்சள் கடையில் கிடைக்கவில்லை. எத்தனை பாக்ஸ் என்று இவர் விடாமல் கேட்க, ராபர்ட் இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். பிறகு ஒரு விரலை மட்டும் தனியாகக் காட்டினான். பதினொன்று.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேடா!" என்று கத்தினார். திருடனைப் பிடிக்க வந்தவருக்குத் திருடனே இல்லை என்று தெரிந்துவிட்டது. அது சந்தோஷமாகவா இருக்கும்? அந்த நேரத்தில் ராபர்ட் திருடனாகவே இருந்திருக்கலாம் என்றுகூட அவருக்குத் தோன்றியது.

முத்தம்மாள் அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். "சொன்னா நம்பியிருப்பீங்களா? நீங்க யாரத்தான் நம்புனீங்க?"

அது மட்டும் ஒரு எழுத்து பிசகாமல் கேட்டது.

அவர் போய் மேஜை மேல் கிடந்த லே ஷாஃப்டை எடுத்தார். துணியில் துடைத்து, கட்டை விரலை மெதுவாக ஓட்டினார். ஊசி பேரிங் உட்காருகிற இடத்தில் விரல் நகம் இடறியது, அம்மைத் தழும்பு போலக் குழி குழியாக இருந்தது. கன்னியாகுமரி வரைக்கும் எங்கே, மதுரையைத் தாண்டியிருக்காது. ஞானசேகரனிடம் திரும்பினார்.

"சார், பாக்ஸு நல்லாருக்குன்னு சொன்னேன் பாருங்க, அது தப்பு. எனக்குக் காது கேக்கல சார்."

முப்பது வருஷத்தில் சம்பாதித்த பேரை அவர் தன் வாயாலேயே கீழே போட்டுவிட்டார். ஞானசேகரன் பெரிய மனுஷன். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "அப்ப நாலா, அஞ்சா? ரெண்டு பேரும் சேந்து சொல்லுங்க" என்று மட்டும் சொன்னார்.

அந்த வாரமே முத்தம்மாள் காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். நரம்பு தேய்ந்திருக்கிறது, முப்பது வருஷம் இன்ஜின் இரைச்சலில் நின்ற பலன், மிஷின் வைத்தால் பேச்சு ஓரளவு கேட்கும் என்றார் அவர். மெல்லிசான ஊளை, கீச்சு இதெல்லாம்? அது திரும்பாது என்று தாளிலேயே எழுதிக் காட்டிவிட்டார். லூர்துசாமி அந்தத் தாளை இரண்டு தடவை படித்தார். டாக்டருக்கும் மிஷின் விற்கிறவனுக்கும் ஏதாவது கூட்டு இருக்குமோ என்று ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு விட்டுவிட்டார்.

நாலா அஞ்சா என்ற யோசனை இரண்டு நாள் ஓடியது. நாலு கியரையே புதுப்பித்தால் ஷாஃப்ட் இங்கிலாந்திலிருந்து வர வேண்டும், பொங்கலுக்குள் வருமா என்பது தெரியாது. வந்தாலும் எண்பதில் இன்ஜின் கத்துவது கத்தத்தான் செய்யும். "அஞ்சே போட்டுடலாம் மாமா" என்றான் ராபர்ட், சாக்கட்டியால் தரையில் எழுதி. "பழைய பாக்ஸு?" என்று உடனே கேட்டார் லூர்துசாமி. அது சார் வீட்டில் மரப்பெட்டியில் பத்திரமாக இருக்கும், பிற்பாடு ஷாஃப்ட் வந்ததும் சரிபண்ணி வைத்துக்கொள்வார் என்று பதில் வந்தது. ஆக, யாரும் எதையும் அமுக்கவில்லை.

சென்னையில் பழைய சாமான் கடையில் மூன்று பாக்ஸ் காட்டினார்கள். அங்கேதான் லூர்துசாமியின் சந்தேகத்துக்கு வேலை வந்தது. முதல் பாக்ஸ் புதுப் பெயின்டில் பளபளத்தது. "பழச இவ்ளோ அழகாக்குறவன் எதையோ மறைக்கிறான்" என்று ஒதுக்கிவிட்டார். இரண்டாவதை வாங்குங்கள் என்று கடைக்காரர் ரொம்பவும் வற்புறுத்தினார். அதனாலேயே அது வேண்டாம் என்றார். திருப்பிப் பார்த்தால் ஒரு மூலையில் வெல்டிங் தழும்பு இருந்தது. மூன்றாவது பாக்ஸ் அழுக்கும் ஆயிலும் பிடித்துச் சீந்துவாரின்றிக் கிடந்தது. ஆயில் வடிக்கிற ஓட்டையில் விரலை விட்டு எடுத்துத் தேய்த்துப் பார்த்தார், இரும்புத் தூள் இல்லை. தண்டைப் பிடித்து ஆட்டினார், ஆட்டம் இல்லை. அதற்கு மேல் என்ன செய்வது? ஸ்குரூடிரைவரை எடுத்தார். ஒரு கணம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்துவிட்டு ராபர்ட்டிடம் நீட்டினார். தண்டை இவர் சுற்றினார், அவன் கேட்டான்.

இங்கிலீஷ் இன்ஜினுக்கும் ஜப்பான் பாக்ஸுக்கும் நடுவே வைக்க லேத்தில் ஒரு தட்டுக் கடைந்து, பின்னால் போகிற நீளத் தண்டை அறுத்துக் குறுக்கி, எல்லாம் முடிய மூன்று வாரம் ஆயிற்று. மார்கழிக் கடைசியில் ஒரு மத்தியானம் இரண்டு பேரும் வண்டியை எடுத்துக்கொண்டு ஞானசேகரன் வீட்டுக்குக் கிளம்பினார்கள். ராபர்ட் ஓட்டினான். லூர்துசாமி இடது பக்கம், கியர்க் கம்பியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காதில் மிஷின் இருந்தது. அதில் காற்று மட்டும் தகரக் கொட்டகையில் மழை பெய்கிற மாதிரி இரைந்தது. எரிச்சலாகிக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஆலப்பாக்கம் தாண்டி ரோடு நேரானதும் ராபர்ட் ஐந்தாவதில் போட்டான். இன்ஜின் மூச்சு விட்டு இறங்கியது, உள்ளங்கையில் நன்றாகத் தெரிந்தது. பிறகு இவர் சொன்னபடி நாலு, மூணு, ரெண்டு என்று இறக்கி மறுபடி ஏற்றினான். கையில் உறுத்தல் இல்லை. ஆனால் ஊளை கையில் தெரியாது. அது காதுக்கு மட்டும்தான் வரும்.

"சத்தம் வருதா மச்சான்?"

ராபர்ட் ரோட்டைப் பார்த்தபடியே தலையை ஆட்டினான், இல்லை என்று.

ஆட்டின தலையில் பொய் இருக்கிறதா என்று அவன் முகத்தைத் தோண்டிப் பார்க்க, லூர்துசாமிக்குள் இருந்த பழைய ஆள் எழுந்தான். வண்டி போய்ச் சேர வேண்டும், வேலை முடிய வேண்டும் என்று சொல்கிறானோ? மாமா மனசு நோகக்கூடாது என்று சொல்கிறானோ? பதினோரு தடவை மறைத்தவன்தானே? புதுச்சத்திரம் வரைக்கும் அந்தக் கேள்வி அவரைக் குடைந்தது. இன்னொரு தடவை கேட்கலாம் என்று வாயெடுத்தார். கேட்டால் அவன் மறுபடியும் தலையைத்தான் ஆட்டுவான். அதையும் நம்பத்தான் வேண்டும். செத்துப்போகிற வரைக்கும் இனி இப்படித்தான் என்று நினைத்தபோது, அவருக்குப் பயமாக இருந்தது. ஓடும் காரில் கண்ணைத் துடைத்துக்கொண்டார், தூசி என்று ராபர்ட்டும் நினைத்துக்கொண்டான்.

குவார்ட்டர்ஸ் வாசலில் ஞானசேகரனும் அவர் மனைவியும் காத்திருந்தார்கள். சாவியை வாங்கினதும் அந்த அம்மாள்தான் கேட்டார். லூர்துசாமியின் முகத்துக்கு நேராக, நிறுத்தி, தெளிவாகக் கேட்டார்.

"இவரு வண்டிய நம்பி நான் ஏறி உக்காரலாமா? நீங்க கேட்டுப் பாத்தீங்களா?"

"நான் கேக்கலம்மா" என்றார் லூர்துசாமி. "என் மச்சான் கேட்டான். சத்தம் இல்ல."